தொப்பி போட்ட நுரையீரல்

தலையில் கௌபாய் தொப்பி, வாயில் சிகரெட், பார்க்கவே அருவருப்பூட்டும் நோயுற்ற நுரையீரல். 'ஜெஃப்' என்ற இந்தச் சின்னம் 2015 பிப்ரவரியில் ஜான் ஆலிவரின் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அறிமுகமானது. அங்கிருந்து உருகுவே தலைநகர் மாண்டிவீடியோவின் விளம்பரப் பலகைகளுக்கும், ஆப்பிரிக்க நாடான டோகோவின் டி-ஷர்ட்டுகளுக்கும் பயணப்பட்டது. கம்பீரமான கௌபாயைக் காட்டி மார்ல்பரோ சிகரெட் விற்றவர்களுக்கு அதே தொப்பியுடன் கொடுத்த பதிலடி அது.

இந்த இரண்டு நாடுகளுக்கு அது போனதற்குக் காரணம் உண்டு.

உருகுவே 2006-ல் மூடிய பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை விதித்தது. அப்போதைய அதிபர் தபாரே வாஸ்கேஸ், புற்றுநோய் மருத்துவர். 2009-ல் சிகரெட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பை எச்சரிக்கைக்கே ஒதுக்க அந்நாடு உத்தரவிட்டது. அடுத்த ஆண்டே மார்ல்பரோவின் பிலிப் மோரிஸ் நிறுவனம் அதை எதிர்த்து சர்வதேசத் தீர்ப்பாயத்துக்குப் போனது. டோகோவும் பெட்டிகளில் எச்சரிக்கைப் படம் அச்சிட முனைந்தபோது, வழக்கு வரும் என்று மிரட்டப்பட்டது. 2016 ஜூலையில் உருகுவே வென்றது. அதன் வழக்குச் செலவுக்காக நிறுவனம் 70 லட்சம் டாலர் தர வேண்டும் என்றும் தீர்ப்பானது. மக்களின் உடல்நலத்தைக் காக்கும் அரசின் உரிமை நிலைநாட்டப்பட்டது.

புகையிலையால் உலகில் ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் புகைபிடிக்காதவர்கள். அடுத்தவர் விட்ட புகையைச் சுவாசித்தவர்கள். ஆகவே, புகையில்லாத காற்றைக் கேட்பது யாருக்கும் உரிய உரிமை. இந்தியாவின் 2003-ம் ஆண்டுச் சட்டம் பொது இடத்தில் புகைபிடிப்போருக்கு 200 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதும் குற்றம். பெட்டியில் 85 சதவீத எச்சரிக்கை 2016 ஏப்ரலில் அமலுக்கு வந்தது.

பழக்கத்தை விட நினைப்பவருக்கு முதல் சில நாட்கள்தான் மிகக் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, படபடப்பு எல்லாம் வரும். சில வாரங்களில் தணிந்துவிடும். புகைக்கத் தோன்றும் வேகம் பெரும்பாலும் சில நிமிடங்களே நீடிக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்கலாம், நடக்கலாம், யாருடனாவது பேசலாம். நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். விட்ட ஓராண்டில் மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. இந்தியாவில் ஆலோசனைக்கான கட்டணமில்லாத் தேசிய உதவி எண் 1800-11-2356. சிகரெட் பெட்டியிலேயே அது அச்சிடப்பட்டிருக்கிறது.