வேலையை விட்டுட்டு எம்.டெக். படிக்கலாமா? ஜவ்வாது மலையில் போட்ட ஒரு கணக்கு

போன மாதம் குடும்பத்தோடு ஜவ்வாது மலை போயிருந்தோம். ஜமுனாமரத்தூரில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினால், "அண்ணா, நீங்க சேனல்ல இன்கம் டாக்ஸ் பேசுறவர்தானே?" என்று ஒரு தம்பி வந்து நின்றார். சொந்த ஊர் பக்கத்து மலைக் கிராமம், லீவுக்கு வந்திருக்கிறார். பி.இ. சிவில் முடித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டராக இருக்கிறார். கைக்கு வருவது 27,000 ரூபாய். தங்க இடமும் சாப்பாடும் கம்பெனி தருகிறது. வீட்டுக்கு மாதம் 10,000 அனுப்புகிறார்.

"சுற்றுச்சூழல் பொறியியல்ல எம்.டெக். சேரலாமாண்ணா? ஒரு காலேஜ்ல சீட் தர்றாங்க. எட்டு லட்சம் லோன் போட்டா போதுமாம். வட்டிக்கு வரிச்சலுகை வேற இருக்காம்."

எதுக்கு தம்பி படிக்கணும்னு கேட்டேன். அவர் சொன்ன பதில் பிடித்திருந்தது. தினமும் ஒரு லிட்டர் சிலிண்டரில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, 30 நிமிடத்தில் ஸ்லட்ஜ் எவ்வளவு படிகிறது என்று குறித்து வைப்பாராம். "ஒருநாள் படியாம மேலேயே மிதக்கும். ஏன்னு எனக்குத் தெரியாது. கன்சல்டன்ட் வந்து பத்து நிமிஷத்துல சொல்லிட்டுப் போயிடுவார். அந்த 'ஏன்' எனக்கும் தெரியணும்."

நியாயமான ஆசைதான். இந்தத் துறையில் வேலை உருவாவதே பெரும்பாலும் கோர்ட் உத்தரவாலும் தண்ணீர்ப் பஞ்சத்தாலும்தான். இந்த மலையில் பிறக்கும் செய்யாறு போய்ச் சேர்வது பாலாற்றில். அதே பாலாற்றுக்காகத்தான் தோல் தொழிற்சாலைகள் மீது 1996-லும் மறுபடி 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. திருப்பூரில் 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். சென்னையிலோ கோயம்பேடு, கொடுங்கையூர் இரண்டு இடத்திலும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை தினமும் சுத்திகரித்து, தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்கள் 2019-ல் வந்தன. இதையெல்லாம் டிசைன் பண்ண ஆள் வேண்டும். ஆனால் எம்.டெக். முடித்துவிட்டு மறுபடி ஆபரேட்டர் சீட்டிலேயே உட்கார்ந்தால் போட்ட காசு திரும்ப வராது. இதை அவரிடம் நேராகவே சொன்னேன்.

சரி, கணக்குக்கு வருவோம்.

எட்டு லட்சம் லோன், 10% வட்டி, வருடத்துக்கு நான்கு லட்சமாக வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு இரண்டு வருடம், அதன் பிறகு ஒரு வருட அவகாசம். தனிவட்டியே இரண்டு லட்சம் ஏறிவிடும். பத்து லட்சத்தை ஏழு வருடத்தில் கட்ட மாதம் சுமார் 16,600 ரூபாய் இஎம்ஐ. முதல் சம்பளம் 35,000 என்றால் பாதி அங்கேயே போச்சு.

அப்புறம் அந்த வரிச்சலுகை. கல்விக் கடன் வட்டிக்கான கழிவு பழைய வரி முறையில் மட்டும்தான். 2025-26 முதல் புதிய முறையில் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரியே கிடையாது. கட்டாத வரியில் எதை மிச்சம் பிடிக்கிறது? லோன் விற்க இதைச் சொன்னால் சிரித்துவிட்டு வாங்க.

இன்னொரு வழி கேட் தேர்வு. சுற்றுச்சூழலுக்கென்றே தனித் தாள் 2021 முதல் இருக்கிறது. இவர் சிவில் தாளும் எழுதலாம். ஸ்கோரோடு ஐஐடி மாதிரி இடத்தில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 உதவித்தொகை. இவர் மலையாளி பழங்குடி, எஸ்.டி. மாணவர்களுக்கு ஐஐடியில் டியூஷன் கட்டணம் கிடையாது. 24 மாதச் சம்பளம் 6,48,000. உதவித்தொகை 2,97,600. வித்தியாசம் 3,50,400. படித்த பிறகு சம்பளம் மாதம் பத்தாயிரம் கூடினால் மூன்றே வருடத்தில் சமம். (என் ஆர்ட்டிகிள்ஷிப் ஸ்டைபண்டை நினைத்தால் 12,400 எனக்கு ராஜ சம்பளம்!)

"வீட்டுக்கு அனுப்புற பத்தாயிரம்ணா?"

அதுதான் உண்மையான சிக்கல். விடுதி, மெஸ் செலவு போக உதவித்தொகையில் அது மிஞ்சாது. 24 மாதத்துக்கு 2,40,000 ரூபாய் முன்கூட்டியே சேர்ந்திருக்க வேண்டும். நல்லவேளை, கேட் ஸ்கோர் மூன்று வருடம் செல்லும். மாதம் 8,000 ஆர்.டி. போட்டால் 30 மாதத்தில் அசலே அந்தத் தொகை, வட்டி தனி. அதுவரை வேலையை விட வேண்டாம். பிஎஃப்-பிலும் கை வைக்க வேண்டாம், ஐந்து வருடம் முடியாமல் எடுத்தால் வரி வரும்.

அவருக்கு 30 மாதம் ரொம்ப நீளமாகத் தெரிந்தது. "அந்த காலேஜ்ல இந்த வாரமே அட்வான்ஸ் கேக்குறாங்கண்ணா" என்றார். கட்டாதீங்க என்றேன். முகம் கொஞ்சம் வாடியது, நானும் வற்புறுத்தவில்லை.

நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. ஆர்.டி. தொடங்கியிருக்கிறார். 8,000 இல்லை, 7,000. "அம்மாவுக்குப் பத்தாயிரத்துல குறைக்க மனசு வரலண்ணா, மீதி ஓவர்டைம்ல பாத்துக்கிறேன்" என்று கீழே எழுதியிருந்தார்.