பழகிய கருவி
நிலத்துள் உலோகந் தேடுதலை மேனாட்டார் சிலர் பொழுதுபோக்காகக் கொள்வர். பழைய நாணயமொன்றைக் காட்டிக்கொடுத்த கருவியை அவர் எளிதிற் கைவிடார். எங்கள் பளைக்கு அண்மையிலுள்ள முகமாலையிலோ அது வயிற்றுப்பாடு, உயிர்க்காவலுங்கூட.

2009 இல் போர் ஓய்ந்த பின்னும் கண்ணிவெடிகள் அம்மண்ணுள் எஞ்சிக் கிடந்தன. அவற்றை அகற்றப் புகுந்தோருட் பெண்கள் பலர். பிளாத்திக்கு உடலுள் சிறு உலோகத்துண்டே உடைய வெடிகளும் உண்டு. இரும்புத்தாது செறிந்த மண்ணோ பொய்யொலி எழுப்பும். ஆதலின், தொழில் தொடங்குமுன் அறிந்த உலோகத்துண்டொன்றின்மேற் கருவியைப் பிடித்துச் சோதிப்பர். புதுக்கருவி திறமிக்கதாயினும், அதன் ஒலிக்குச் செவி பழகவேண்டுமே! இதனை வெறும் பழமைப்பற்றென்று நகைப்பாருடன் யான் உடன்படேன். கருவி ஒலியாத இடத்திலேயன்றோ அவர் முழங்காலூன்றுதல் வேண்டும்!