20,000 ரூபாய் கடன்... பத்திரம் எழுதிக் கொடுத்தவர் மைனர்!

1895-ம் ஆண்டு ஜூலை மாதம். கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற இளைஞர், வட்டிக்குக் கடன் கொடுக்கும் பிரம்ம தத் என்பவருக்கு 20,000 ரூபாய்க்கு வீடுகளை அடமானம் வைத்துப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். தான் மேஜர் என்று தனியாக எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அது பொய். கோர்ட் நியமித்த கார்டியன் உள்ளவர்கள் அந்தக் காலத்தில் 21 வயதில்தான் மேஜர் ஆவார்கள். தர்மதாஸுக்கு அம்மாதான் அப்படிப்பட்ட கார்டியன். பையன் இன்னும் மைனர், கடன் கொடுத்தால் உங்கள் பாடு என்று அந்த அம்மா வக்கீல் மூலம் முன்கூட்டியே கடிதம் அனுப்பியிருந்தார். பிரம்ம தத்தின் வக்கீல் கைக்கு அது போய்ச் சேர்ந்தது. ஆனாலும் கடன் கைமாறியது!

சில வாரங்களிலேயே, பத்திரம் செல்லாது என்று வழக்கு. பிரம்ம தத் இறந்துபோக, அவர் தரப்பில் மொஹோரி பீபீ வழக்கைத் தொடர்ந்தார். அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது.

சிக்கல் இதுதான். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தம் செய்ய மைனருக்குத் தகுதியில்லை என்கிறது. மீறிச் செய்தால் என்ன ஆகும்? அதை நேரடியாகச் சொல்லவில்லை. மைனர் விரும்பினால் மட்டும் ரத்து செய்யலாம் என்றே கீழ்க்கோர்ட்டுகள் பலவும் அதுவரை நினைத்திருந்தன. 1903-ல் பிரிவி கவுன்சில், அப்படி ஓர் ஒப்பந்தம் பிறக்கவே இல்லை என்று சொல்லிவிட்டது. கொடுத்த பணத்தைத் திருப்பித் தரச் சொல்லவும் மறுத்துவிட்டது. மைனரின் ஒப்பந்தம் செல்லாது என்பதுதான் இந்தியாவில் இன்றும் சட்டம். வயது மட்டும் 1999-க்குப் பிறகு எல்லோருக்கும் 18.

வணிகச் சட்டம் என்று தனியாக ஒரே புத்தகம் கிடையாது. ஒப்பந்தம், 1930-ன் சரக்கு விற்பனைச் சட்டம், 1932-ன் கூட்டு வணிகச் சட்டம், 2013-ன் கம்பெனிச் சட்டம் என்று பல சட்டங்கள் சேர்ந்ததுதான் அது. அவற்றில் விட்டுப்போன இடத்தைத் தீர்ப்புகள் நிரப்புகின்றன. மூன்றாவதாக, கடைத்தெரு வழக்கம். இதைச் சட்டமே மதிக்கிறது. வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகத் தாய்மொழியில் எழுதிவந்த உண்டியலுக்கு, அந்தந்த ஊர் வழக்கமே செல்லட்டும் என்று 1881-ன் செலாவணி முறிச் சட்டம் விட்டுக்கொடுத்திருக்கிறது.

அப்படியானால், 17 வயதுப் பையனுக்குக் கடன் சொல்லிப் பொருள் கொடுத்த கடைக்காரர் ஏமாளியா? முழுக்க அப்படியில்லை. அவன் வாழ்க்கை நிலைக்கு அவசியமான பொருளாக இருந்தால், அவன் பெயரில் உள்ள சொத்திலிருந்து அதன் மதிப்பைக் கேட்கலாம். சொத்தே இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது. சோறு, துணி, படிப்பு சரி... ஸ்மார்ட்போன் அவசியப் பொருளா? சட்டத்தில் அப்படியொரு பட்டியல் இல்லை. பையனின் வீட்டு நிலவரத்தைப் பார்த்து நீதிபதிதான் சொல்ல வேண்டும்.