திரையில் தமிழ் நிலைக்க நாம் என்ன செய்யலாம்?

விசைப்பலகை, திரை, நினைவகம், நாம் திறக்கும் செயலிகள் ஆகிய அனைத்தையும் ஒருங்கிணைத்துக் கணினியை நடத்துவது இயங்குதளம். மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம் என்ற உரிமத்துடன் வருபவை கட்டற்ற இயங்குதளங்கள். அரசு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் இடம்பெற்ற பாஸ் லினக்ஸ் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இவற்றை இலவசமாகக் கிடைப்பவை என்ற அளவிலேயே பெரும்பாலும் அறிந்திருக்கிறோம். இவற்றை உருவாக்கும் பணியில் ஆசிரியர்களுக்கும் இடம் உண்டு என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன்.

யார் உருவாக்குகிறார்கள்?

1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸின் மையப் பகுதியை எழுதி வெளியிட்டார். அதனுடன் பல செயலிகளைச் சேர்த்து முழுமையான இயங்குதளமாக வழங்க 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய திட்டம் டெபியன். இன்றும் அதைப் பல நாடுகளின் தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். உபுண்டு, நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் ஆகிய இரண்டுக்கும் டெபியனே அடிப்படை. கேரள அரசுப் பள்ளிகளின் இயங்குதளம் உபுண்டுவிலிருந்து உருவானது. ஏரியில் சேரும் நீர் வாய்க்கால்கள் வழியே வயல்களுக்குச் செல்வதுபோல, டெபியனில் செய்யப்படும் ஒரு திருத்தம் இவற்றுக்கும் சென்று சேர வழி உண்டு.

புதிய திருத்தம் நேரடியாகப் பயனர் கைக்கு வருவதில்லை. முதலில் 'நிலையற்ற' பிரிவில் சேரும். இப்பிரிவுக்கு 'டாய் ஸ்டோரி' திரைப்படத்தில் பொம்மைகளை உடைக்கும் சிறுவனான சிட் பெயரையே வைத்திருக்கிறார்கள். பெரிய பிழை ஏதும் தென்படாவிட்டால் சில நாட்களில் 'சோதனை'ப் பிரிவுக்குச் செல்லும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது 'நிலையான' பதிப்பாக வெளிவரும்.

பிழையைத் தெரிவிப்பதும் பங்களிப்பே

பிழைகளை மறைக்கமாட்டோம் என்பது டெபியன் தன் பயனர்களுக்கு அளித்துள்ள உறுதிமொழி. எவர் அனுப்பும் பிழை அறிக்கையும் அனைவரும் பார்க்கும்படி பதிவாகும். ஆனால் 'செயலி வேலை செய்யவில்லை' என்று எழுதினால் நிரலாளரால் எதுவும் செய்ய இயலாது. நான் என்ன செய்தேன், என்ன நடக்கும் என எதிர்பார்த்தேன், உண்மையில் என்ன நடந்தது, செயலியின் பதிப்பு எண் என்ன ஆகிய நான்கும் வேண்டும். ஓர் அறிக்கையில் ஒரு பிழை மட்டுமே இருக்க வேண்டும். அறிவியல் சோதனையைக் குறிப்பேட்டில் பதிவு செய்யும் அதே ஒழுங்குதான் இது. மாணவர்களுக்கு நல்ல எழுத்துப் பயிற்சியாகவும் அமையும்.

இலக்கணம் தேவைப்படும் இடம்

தமிழாசிரியராகிய எனக்கு மிக நெருக்கமான பகுதி மொழிபெயர்ப்பு. பொத்தான்கள், பட்டியல்கள், எச்சரிக்கைகள் ஆகியவற்றின் வரிகள் தனிக் கோப்பில் இருக்கும். ஆங்கில வரிக்குக் கீழே தமிழ் வரியை எழுத வேண்டும். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. கோப்பை நீக்கும்முன் கணினி கேட்கும் கேள்வியில், கோப்பின் பெயர் வரும் இடம் வெற்றிடமாக விடப்பட்டிருக்கும். அதன்பின் 'ஐ நீக்கவா?' என்று மொழிபெயர்த்தால், 'பாடம்' என்ற கோப்புக்குத் திரையில் 'பாடம்ஐ நீக்கவா?' என வரும். அத்துச் சாரியை பெற்றுப் 'பாடத்தை' ஆக வேண்டும் என்பது கணினிக்குத் தெரியாது. 'நீக்க வேண்டிய கோப்பு: பாடம். நீக்கலாமா?' என வாக்கியத்தை மாற்றிவிட்டால் பெயர் முதல் வேற்றுமையிலேயே நிற்கும். எந்தப் பெயர் வந்தாலும் பிழை நேராது. அதேபோல் 'ஓப்பன்' என்ற ஆங்கிலச் சொல் பொத்தானில் இருந்தால் 'திற'. நிலையைக் குறித்தால் 'திறந்துள்ளது'. அகராதி மட்டும் இதைத் தீர்மானிக்க இயலாது.

ஏன் இப்போது?

மொழிபெயர்ப்பு ஒருமுறை செய்து முடிக்கும் வேலை அன்று. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் க்னோம் திரைச்சூழல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வருகிறது. புதிதாகச் சேரும் வரிகளும், ஆங்கிலத்தில் மாற்றப்பட்ட பழைய வரிகளும், யாரேனும் தமிழில் எழுதிச் சரிபார்க்கும்வரை ஆங்கிலத்திலேயே தோன்றும். பணியைத் தொடர ஆள் இல்லையென்றால், பதிப்புக்குப் பதிப்பு திரையில் தமிழ் குறைந்துகொண்டே போகும். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று படித்துக் காரணம் புரிந்துகொள்ளக்கூடிய ஆறாம் வகுப்பு மாணவி, புரியாத ஆங்கில வரியைக் கண்டு கணினியே கெட்டுவிட்டதென்று கையை எடுத்துவிடுவாள்.

எனவே, உங்கள் வகுப்பில் பயன்படும் ஒரே ஒரு செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியின் மொழியைத் தமிழுக்கு மாற்றி அதைத் திறந்து பாருங்கள். ஆங்கிலமாக நிற்கும் வரிகளையும், பொருந்தாத தமிழையும் மாணவர்களுடன் சேர்ந்து பட்டியலிடுங்கள். அந்தச் செயலியின் தமிழ் மொழிபெயர்ப்புக் குழுவில் இணைந்து இருபது வரிகளை அனுப்புங்கள். குழுவில் உள்ளோர் சரிபார்த்து ஏற்றுக்கொண்டால், அடுத்த பதிப்பில் அவ்வரிகள் தமிழில் அச்செயலியைப் பயன்படுத்தும் அனைவரின் திரையிலும் தோன்றும்.