எலிக்காய்ச்சல்: பெயரில் மறைந்த நீர்

நோயின் பெயரே அந்நோயைப் பற்றிய முதற்பாடம். அப்பாடம் குறையுடையதாயின் தற்காப்பும் குறைபடும். நம் நாட்டில் வெள்ளக் காலங்களில் அடிக்கடி பேசப்படும் எலிக்காய்ச்சல் இதற்குத் தக்க சான்று.

'எலிக்காய்ச்சல்' என்பது உருபும் பயனும் உடன்தொக்க தொகை. 'எலியால் வரும் காய்ச்சல்' என விரியும். எவ்வழியாக வரும் என்பதைச் சொல் உணர்த்துவதில்லை. எனவே, எலி கடித்தால் வருவது என்று பொருள்கொள்ள இடமுண்டு. மலாய்மொழியில் வழங்கும் 'கென்சிங் திக்குஸ்' என்னும் பெயரோ 'எலியின் சிறுநீர்' என வெளிப்படையாகவே கூறுகிறது.

லெப்டோஸ்பைரா என்னும் சுருள்வடிவப் பாக்டீரியா எலி முதலிய விலங்குகளின் சிறுநீரகத்தில் தங்கி, சிறுநீருடன் வெளியேறுகிறது. ஈரமண்ணிலும் நன்னீரிலும் அது வாரக்கணக்கில் உயிர்வாழ வல்லது. அந்நீரைப் பருகினால்தான் நோய் வரும் என்பதில்லை. தோலிலுள்ள சிறு கீறல் போதும். கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மென்சவ்வு வழியாகவும் அது உடலுள் புகும்.

2010ஆம் ஆண்டு பகாங் மாநிலத்தின் லுபோக் யூவில் நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடும் பணி நடைபெற்றது. அதில் ஈடுபட்டோருள் சிலருக்கு, மண்ணிலும் நீரிலும் வாழும் மற்றொரு பாக்டீரியாவால் வரும் மெலியோய்டோசிஸ் கண்டது. அவர்களுள் சிலருக்கு எலிக்காய்ச்சலும் சேர்ந்திருந்தது. அந்நோய்ப்பரவலில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டின் இறுதியில், மருத்துவர்கள் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாக எலிக்காய்ச்சல் சேர்க்கப்பட்டது.

தொற்றிய 2 முதல் 30 நாள்களுக்குள் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண்சிவப்பு ஆகியவை தோன்றலாம். தொடக்கத்தில் டெங்கிக் காய்ச்சல் போலவே இருக்கும். ஆதலின், ஆற்றில் குளித்ததையோ வெள்ளநீரில் நடந்ததையோ மருத்துவரிடம் மறவாமல் கூறுதல் வேண்டும். உரிய காலத்தில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கிடைத்தால் குணமாகும். தாழ்த்தினால் சிறுநீரகமும் கல்லீரலும் பழுதுறக்கூடும்.

உடலில் புண் இருப்பின் ஆற்றிலும் அருவியிலும் இறங்காதிருப்போம். வெள்ளம் வடிந்த வீட்டைத் துப்புரவு செய்கையில் நீள்காலணியும் கையுறையும் அணிவோம். ஆற்றுநீரைக் கொதிக்கவைத்தே பருகுவோம். உல்லாசப் பயணம் சென்ற இடத்தில் உணவுக்கழிவை விட்டுவந்தால், எலியை நாமே அழைத்தவராவோம்.

புதுப்பெயர் தேட வேண்டியதில்லை. ஆசிரியர்கள் இச்சொல்லை வகுப்பில் கற்பிக்கும்போது, 'எலியின் சிறுநீர் கலந்த நீராலும் மண்ணாலும் வரும் காய்ச்சல்' என முழுமையாக விரித்துரைத்தால் போதும். அந்த விரிவு மாணவர் ஒருவரின் உயிரையும் காக்கக்கூடும்.