நாய் துணைக்கு இருந்தால் பாம்பு பயம் இல்லையா?

மாலை ஆறு மணி. வீட்டு நாயைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரை வரை ஒரு நடை. நல்ல பழக்கம்தான். சர்க்கரை உள்ளவர்களுக்கு நடையைப் போல மருந்தில்லை என்று நானே சொல்வதுண்டு.

ஆனால் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஊரைத் தாண்டினால் நெல், கரும்பு, மல்லாட்டை வயல்கள்தான். வயல் இருந்தால் எலி. எலி இருந்தால் பாம்பு. இருட்டுகிற நேரம்தான் அது இரை தேடக் கிளம்பும் நேரம்.

"நாய்தான் மோப்பம் பிடிச்சுடுமே டாக்டர்!" என்பார்கள். அங்கேதான் தப்பு. மோப்பம் பிடித்த நாய் விலகிப் போகாது. புதருக்குள் மூக்கை நுழைக்கும். சீண்டப்பட்ட பாம்பு நாயைக் கடிக்கும், அல்லது அதை இழுக்கக் குனிகிற உங்களைக் கடிக்கும்.

ஆகவே கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள். வரப்பை விட்டு, பாதையின் நடுவில் நடங்கள். மூடிய ஷூ, கையில் டார்ச் அவசியம். குக்கர் ஆவி விடுவது போல 'உஸ்ஸ்' என்று கேட்டால் கண்ணாடி விரியனாக இருக்கலாம். நாயோடு மெதுவாகப் பின்வாங்குங்கள்.

மீறிக் கடித்துவிட்டால்? கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். மிளகு, வேப்பிலை கொடுத்து ருசி பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட காலை அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, திண்டிவனம் அரசு மருத்துவமனையோ, எது அருகிலோ அங்கே போங்கள். "வலியே இல்லையே" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். கட்டுவிரியன் கடி வலிக்காமலே போகலாம். சில மணி நேரம் கழித்து இமை தொங்கும், மூச்சுத் திணறும்.

சித்த மருத்துவம் படித்த நானே சொல்கிறேன்: சிறியாநங்கை நல்ல மூலிகைதான். ஆனால் உடம்பில் ஏறிய பாம்பு விஷத்துக்கு அதை நம்பி உட்காரக் கூடாது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்தையும் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பதுதான் முறிவு மருந்து. அதற்கான விஷத்தை மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் எடுத்துத் தருகிறவர்கள், 1978-ல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய இருளர்கள். பாம்பை அவர்களைவிட யார் அறிவார்?

நாய்க்குக் கடிபட்டாலும் நடக்க விடாதீர்கள். தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். அதற்கும் அதே முறிவு மருந்துதான்.

நடையை விடவேண்டாம். இருட்டும் முன் வீடு திரும்பினால் போதும்.