நின்ற இடத்தில் 500 மீட்டர்

ரோலர் பந்தயத்தில் இரண்டு சைக்கிள்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். முன்சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கைச் சட்டத்தில் இறுக்கியிருப்பார்கள். பின்சக்கரம் உருளைமேல் அமர்ந்திருக்கும். உருளையின் சுற்றுகளை சென்சார் எண்ண, திரையில் இரு முட்கள் ஒன்றையொன்று துரத்தும். தூரம் பெரும்பாலும் 250 அல்லது 500 மீட்டர். நாலரை அங்குல விட்டமுள்ள உருளை 500 மீட்டருக்குச் சுமார் 1,390 முறை சுற்ற வேண்டும்.

பழைய விளையாட்டுதான். 1899-ல் அமெரிக்காவில் ரயிலின் பின்னால் ஓட்டி ஒரு மைலை 57.8 வினாடியில் கடந்த சார்லஸ் மர்ஃபி, நாடக மேடைகளில் ரோலர் ஓட்டிக் காட்டியவர். பின்னாளில் பிரிட்டனில் நடன அரங்குகளிலும் சினிமாக் கொட்டகைகளிலும் இதற்குக் கூட்டம் கூடியது. அந்த நாட்டு டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு கைகோத்து 1949-ல் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது நம் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூர் முருகப்பா குடும்பம். ஆனாலும் அந்தச் செட்டிநாட்டில் சைக்கிள் பந்தயத்துக்கென்று வெலோட்ரோம் இல்லை. ரோலருக்கு அது தேவையும் இல்லை. வீட்டுப் பட்டாலையின் ஒரு மூலையே தாராளம்.

இங்கே எதிர்க்காற்று கிடையாது. அதனால் தொடை பெருத்தவர்தான் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டினால் பணம் போய்விடும். சக்கரத்தைக் கிளப்பும் முதல் சில வினாடிகளுக்குத்தான் முரட்டு பலம். அப்புறம் கால் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதே கணக்கு. முன்னால் 48 பல், பின்னால் 15 பல் என்றால் ஒரு மிதிச்சுற்றுக்கு ஏறக்குறைய 6.7 மீட்டர், 500 மீட்டருக்கு 74 சுற்று. நிமிடத்துக்கு 150 சுற்று மிதிப்பவருக்கு 30 வினாடி, 180 மிதிப்பவருக்கு 25 வினாடி.

ஆகவே பயிற்சி லேசான கியரில் தொடங்கும். மெல்ல மெல்ல வேகம் கூட்டுங்கள். சீட்டில் உடம்பு துள்ளத் தொடங்கும் இடம்தான் இன்றைய எல்லை. வாரக்கணக்கில் பழகினால் அந்த எல்லை மேலே நகரும். இன்னொரு நாள் ஆறேழு வினாடி உயிரைக் கொடுத்து மிதித்து, நான்கைந்து நிமிடம் ஓய்வு. இந்த ஓய்வைத் திருடுகிறவர்களே அதிகம். தசையின் உடனடி எரிபொருளான கிரியேட்டின் பாஸ்பேட் அத்தகைய மிதியில் சில வினாடிகளிலேயே பெருமளவு கரைந்துவிடும். மீண்டும் ஊறச் சில நிமிடம் வேண்டும். அவசரப்பட்டால் வேகம் பழகாது, களைப்புத்தான் பழகும்.

ஓடாத சைக்கிளில் காற்றும் வீசாது, வியர்வையும் காயாது. சித்திரை மாதக் காரைக்குடியில் எதிரே பெரிய மின்விசிறி இல்லாமல் ஏறாதீர்கள். ஃபிக்ஸட் கியர் என்றால், முடிந்ததும் காலைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. சுழலும் சக்கரம் மிதியோடு சேர்த்து முழங்காலையும் இழுத்துவிடும்.